சேவை நோக்குக் கட்டமைப்பும் மேகக் கணிமையும்

சேவை நோக்குக் கட்டமைப்பு என்பது, ஒரு பெரிய நிறுவனத்தின் கணினிப் பணிகளைத் தனித்தனிச் சேவைகளாகப் பிரித்து, அவை வலையமைப்பின் ஊடாக ஒன்றையொன்று அழைத்துப் பயன்படுத்துமாறு மென்பொருளை அமைக்கும் முறை ஆகும். மேகக் கணிமை என்பது, கணிக்கும் திறன், சேமிப்பிடம், மென்பொருள் முதலானவற்றைச் சொந்தமாக வாங்கி வைக்காமல், வேண்டியபோது வேண்டிய அளவுக்கு வலையமைப்பின் வழியாகப் பெற்றுப் பயன்படுத்தும் முறை ஆகும். முன்னையது மென்பொருளை எவ்வாறு பிரிப்பது என்பதைப் பற்றியது. பின்னையது அம்மென்பொருள் யாருடைய கணினியில், யாருடைய பொறுப்பில் இயங்குவது என்பதைப் பற்றியது. இவ்விரண்டும் பெரும்பாலும் சேர்த்தே பேசப்படினும் ஒன்றல்ல.

இக்கட்டுரை இவ்விரு கருத்துருக்களையும் இந்திய இரயில்வேயின் பயணச்சீட்டு முன்பதிவு முறைமையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகின்றது.

பின்னணி

வங்கி, காப்புறுதி நிறுவனம், மின்வாரியம், இரயில்வே போன்ற பெரிய நிறுவனங்களின் மென்பொருள்கள் ஒரே நாளில் எழுதப்பட்டவை அல்ல. ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டிய காலத்தில், அக்காலத்தில் கிடைத்த கணினியில், அக்காலத்தில் வழங்கிய நிரல்மொழியில் தனக்கென ஒரு முறைமையை உருவாக்கிக்கொண்டது. இதனால் ஒரே வாடிக்கையாளரின் முகவரி நான்கு இடங்களில் நான்கு விதமாகப் பதிவாகி இருக்கும். ஓரிடத்தில் திருத்தினால் மற்ற இடங்களில் திருந்தாது.

இம்முறைமைகளை இரண்டிரண்டாக நேரடியாக இணைப்பது தொடக்கத்தில் எளிய வழியாகத் தோன்றும். ஆனால் இணைப்புகளின் எண்ணிக்கை விரைவில் கட்டுக்கடங்காமல் போய்விடும். 10 முறைமைகள் ஒவ்வொன்றும் மற்றெல்லாவற்றோடும் பேச வேண்டுமாயின் 45 இணைப்புகள் தேவை. 20 முறைமைகளாயின் 190 இணைப்புகள் தேவை. ஒரு முறைமையில் செய்யப்படும் சிறு மாற்றம்கூட அதனோடு இணைந்த அனைத்தையும் பாதிக்கும். பழைய முறைமையை முற்றாக நீக்கிப் புதிதாக எழுதுவதும் எளிதன்று. நாள்தோறும் இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு பணியை நிறுத்திவைத்து மாற்றியமைக்க இத்தகைய நிறுவனங்களால் இயலாது.

இச்சிக்கலுக்கு விடையாகவே சேவை நோக்குக் கட்டமைப்பு முன்வைக்கப்பட்டது.

சேவையின் இயல்புகள்

இங்கு சேவை எனப்படுவது, தெளிவான ஒரு பணியைச் செய்து விடை தரும் மென்பொருள் பகுதி ஆகும். "இந்த வண்டியில், இந்த நாளில், இந்த வகுப்பில் இடம் உள்ளதா?" என்பது ஒரு சேவையிடம் கேட்கத்தக்க கேள்வி. கேட்பவர் சேவை நுகர்வோர் என்றும், விடை தருபவர் சேவை வழங்குநர் என்றும் அழைக்கப்படுவர். இவ்விருவரும் பெரும்பாலும் மனிதர்கள் அல்லர், மென்பொருள்களே.

ஒரு நல்ல சேவைக்குப் பின்வரும் இயல்புகள் வேண்டும் எனக் கொள்ளப்படுகின்றது.

- ஒப்பந்தம்: என்ன கேட்கலாம், எவ்வடிவில் கேட்க வேண்டும், என்ன விடை வரும், தவறு நேர்ந்தால் என்ன செய்தி வரும் என்பன முன்கூட்டியே எழுதி அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும்.
- உள்மறைப்பு: சேவையின் உள்ளே எந்தத் தரவுத்தளம், எந்த நிரல்மொழி உள்ளது என்பதைக் கேட்பவர் அறியத் தேவையில்லை.
- தளர்ந்த பிணைப்பு: ஒப்பந்தம் மாறாத வரையில், உள்ளே எதை மாற்றினாலும் வெளியே உள்ளவர்கள் பாதிக்கப்படக் கூடாது.
- மறுபயன்பாடு: ஒரே சேவையைப் பல வாயில்கள் பயன்படுத்த இயல வேண்டும்.

இவற்றுள் ஒப்பந்தமே தலையாயது. அஞ்சலகத்தில் பணவிடைத் தாள் நிரப்புபவருக்கு, அத்தாள் உள்ளே எவர் கைக்குச் செல்கின்றது என்பது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. தாளின் வடிவம் மாறாதிருந்தால் போதும்.

வரலாறு

சேவை நோக்குக் கட்டமைப்பு என்ற பெயரை 1996 ஆம் ஆண்டில் கார்ட்னர் ஆய்வு நிறுவனத்தினர் தம் அறிக்கைகளில் பயன்படுத்தினர். இணையம் பரவிய பின்னர், வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகள் ஒரே வடிவில் செய்தி பரிமாறிக்கொள்ள எக்சுஎம்எல் குறிமொழி உதவியது. அதன் அடிப்படையில் அமைந்த சோப் நெறிமுறையின் 1.1 பதிப்பு 2000 ஆம் ஆண்டிலும், உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையான 1.2 பதிப்பு 2003 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. சேவையின் ஒப்பந்தத்தை எழுதுவதற்கான டபிள்யூஎஸ்டிஎல் மொழியின் 1.1 பதிப்பு 2001 இல் வெளியானது. 2006 இல் ஓயாசிசு என்னும் தர அமைப்பு இக்கட்டமைப்புக்கான மேற்கோள் மாதிரியை வெளியிட்டது.

இதற்கிடையில், 2000 ஆம் ஆண்டில் ராய் பீல்டிங் தமது முனைவர் பட்ட ஆய்வேட்டில் ரெஸ்ட் என்னும் எளிய பாணியை விவரித்தார். வலைப்பக்கங்களைப் பெறுவதற்கு ஏற்கனவே பயன்படும் நெறிமுறையையே சேவைகளை அழைக்கவும் பயன்படுத்தலாம் என்பதால், நாளடைவில் இதுவே மிகுதியாகப் பின்பற்றப்பட்டது.

மேகக் கணிமையின் அடிப்படை எண்ணம் இதனினும் பழையது. மின்சாரம், தொலைபேசி போலக் கணிக்கும் திறனும் ஒரு பொதுப் பயன்பாடாக வழங்கப்படலாம் என 1961 இல் கணினி அறிவியலாளர் ஜான் மெக்கார்த்தி கூறினார். அமேசான் நிறுவனம் 2006 ஆம் ஆண்டில் தனது சேமிப்புச் சேவையையும், மெய்நிகர்க் கணினிகளை வாடகைக்கு வழங்கும் சேவையையும் தொடங்கிய பின்னரே இவ்வெண்ணம் பரவலான வணிகமாக மாறியது.

எடுத்துக்காட்டு: இந்திய இரயில்வேயின் முன்பதிவு

பேரேட்டுக் காலம்

கணினிக்கு முன்பு முன்பதிவு முழுவதும் பேரேடுகளில் நடைபெற்றது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தனி ஏடு இருந்தது. அந்த ஏடு எந்த நிலையத்தில் உள்ளதோ அந்த நிலையத்தில் மட்டுமே இருக்கை ஒதுக்க முடியும். மதுரையில் இருந்து சென்னைக்குச் சென்று திரும்ப விரும்பும் ஒருவரின் திரும்பும் பயணத்திற்கு, சென்னைக்குத் தந்தி அனுப்பி விடை பெற வேண்டியிருந்தது. இடைப்பட்ட நிலையங்களுக்குத் தனித்தனி ஒதுக்கீடு இருந்ததால், ஓரிடத்தில் இருக்கை மீந்திருக்க, மற்றோரிடத்தில் இல்லை என்று சொல்லும் நிலையும் ஏற்பட்டது.

இம்முறையில் குறைகள் பல இருப்பினும் ஒரு நன்மை இருந்தது. ஏடு ஒன்றே என்பதால் ஓர் இருக்கையை இருவருக்கு விற்பது எளிதில் நிகழாது. பின்னர் வந்த எல்லாக் கணினி முறைமைகளும் காக்க வேண்டியிருந்தது இந்த ஒரு பண்பையே.

ஐந்து மையங்கள்

1985-86 காலப்பகுதியில் சிஎம்சி நிறுவனம் உருவாக்கிய 'இம்ப்ரெஸ்' என்னும் மென்பொருளைக் கொண்டு புதுதில்லியில் கணினி முன்பதிவு தொடங்கப்பட்டது. 1986 இல் இரயில்வே தகவல் முறைமைகளுக்கான மையம் நிறுவப்பட்டது. சுருக்கமாக இது 'கிரிஸ்' எனப்படும். தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செக்கந்தராபாத் ஆகிய ஐந்து இடங்களில் முன்பதிவு மையங்கள் அமைந்தன. எனினும் தொடக்கத்தில் இவை ஒன்றோடொன்று இணைக்கப்படவில்லை. ஒரு மையத்தின் முகப்பில் மற்றொரு மையத்தின் வண்டிக்கு இடம் பதிய இயலவில்லை.

கிரிஸ் உருவாக்கிய 'கன்செர்ட்' என்னும் மென்பொருள் 1994 இல் செக்கந்தராபாத்தில் முதலில் நடைமுறைக்கு வந்தது. 1999 ஏப்ரலில் ஐந்து மையங்களும் இதன்மூலம் ஒரே வலையமைப்பாயின. இங்கு செய்யப்பட்ட தேர்வு கவனிக்கத்தக்கது. ஐந்து ஏடுகளையும் ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்க்கவில்லை. எல்லா ஏடுகளையும் எல்லா இடங்களுக்கும் படியெடுத்து அனுப்பவும் இல்லை. ஒவ்வொரு வண்டியின் தரவும் அதற்குரிய மையத்திலேயே இருந்தது. நாட்டின் எந்த முகப்பில் இருந்து கேட்டாலும், அவ்வேண்டுகோள் உரிய மையத்திற்கு அனுப்பப்பட்டு விடை பெறப்பட்டது. பயணச்சீட்டில் அச்சிடப்படும் பத்து இலக்கப் பதிவெண்ணின் தொடக்க இலக்கங்கள், அப்பதிவு எந்த மையத்தைச் சேர்ந்தது என்பதைக் குறிப்பவை ஆகும்.

சோப், டபிள்யூஎஸ்டிஎல் போன்ற தரங்கள் பரவும் முன்னரே அமைந்தது இம்முறைமை. பெயரளவில் இது சேவை நோக்குக் கட்டமைப்பு அன்று. எனினும், தரவுக்கு உரிமையுடைய ஒருவர், அவரிடம் ஒப்புக்கொண்ட வடிவில் கேட்கும் பலர் என்ற அதன் அடிப்படை இதில் தெளிவாகக் காணப்படுகின்றது.

இணைய வாயில்

இந்திய இரயில்வே உணவு மற்றும் சுற்றுலாக் கழகம் (ஐஆர்சிடிசி) 1999 இல் நிறுவப்பட்டு, 2002 ஆகத்து மாதத்தில் இணையவழி முன்பதிவைத் தொடங்கியது. முதலில், இணையத்தில் பதிந்த சீட்டு அச்சிடப்பட்டுத் தூதஞ்சல் வழியாக வீட்டுக்கு அனுப்பப்பட்டது. மின்சீட்டு 2005 இல் வந்தது.

இதற்காக இருக்கைகளின் ஏடு இரண்டாகப் பிரிக்கப்படவில்லை. நிலைய முகப்பு, இணையத்தளம், முகவர், பின்னாளில் வந்த கைப்பேசிச் செயலி ஆகிய அனைத்தும் பின்னணியில் இருந்த அதே முன்பதிவு முறைமையையே அழைத்தன. மையக்கரு பழையது, வாயில்கள் புதியவை. வாயில் ஒன்றைக் கூட்டுவதற்கு மையக்கருவை மாற்றி எழுதத் தேவையில்லை என்பதே சேவை நோக்குக் கட்டமைப்பினால் பெரிய நிறுவனங்கள் பெறும் முதன்மையான பயன்.

ஒரு சீட்டின் வழி

மதுரையை அடுத்த பரவையில் உள்ள ஒருவர், மதுரையில் இருந்து சென்னை எழும்பூர் செல்லும் பாண்டியன் விரைவுவண்டியில் கைப்பேசி மூலம் இடம் பதிகின்றார் எனக் கொள்வோம். அவருக்குத் தோன்றுவது ஒரே செயலி. பின்னணியில் நிகழ்பவை வருமாறு:

1. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அடையாளச் சேவையால் சரிபார்க்கப்படுகின்றன.
2. இடம் உள்ளதா என்ற கேள்வி முன்பதிவு முறைமைக்குச் செல்கின்றது.
3. கட்டணம் கணக்கிடப்படுகின்றது.
4. பணம் செலுத்தும் வேண்டுகோள், இரயில்வேக்கு வெளியே உள்ள வங்கி அல்லது பணப்பரிமாற்றச் சேவைக்குச் செல்கின்றது.
5. பணம் வந்தது உறுதியானபின் முன்பதிவு முறைமை இருக்கையை ஒதுக்கிப் பதிவெண் தருகின்றது.
6. குறுஞ்செய்திச் சேவை அச்செய்தியைப் பயணிக்கு அனுப்புகின்றது.

இவற்றில் எல்லாம் ஒரே நிறுவனத்துக்கு உரியவை அல்ல. ஒவ்வொன்றும் தனித்தனியே பழுதடையக் கூடியவை.

மேகக் கணிமை

அமெரிக்காவின் தேசியச் சீர்தர மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2011 செப்டம்பரில் வெளியிட்ட வரைவிலக்கணம் பரவலாக ஏற்கப்பட்டது. அதன்படி மேகக் கணிமைக்கு ஐந்து அடிப்படை இயல்புகள் உண்டு: பயனர் தாமே வேண்டியதைப் பெறுதல், வலையமைப்பின் ஊடாக அணுகுதல், வளங்களைப் பலர் பகிர்தல், தேவைக்கேற்ப விரைவாக விரிந்து சுருங்குதல், பயன்பாட்டை அளந்து கணக்கிடுதல்.

வழங்கப்படும் சேவையைப் பொறுத்து இது மூன்று வகைப்படும்.

- உட்கட்டமைப்புச் சேவை: மெய்நிகர்க் கணினியும் சேமிப்பிடமும் மட்டும் தரப்படும். மற்றவற்றை வாடிக்கையாளரே நிறுவிக்கொள்ள வேண்டும்.
- தளச் சேவை: இயங்குதளம், தரவுத்தளம் முதலியனவும் சேர்த்துத் தரப்படும். வாடிக்கையாளர் தம் நிரலை மட்டும் எழுதினால் போதும்.
- மென்பொருள் சேவை: முழுமையான மென்பொருளே இணையம் வழியாகத் தரப்படும். தமிழ்நாட்டில் சென்னையிலும் தென்காசியிலும் பணியிடங்களைக் கொண்ட சோகோ நிறுவனத்தின் அலுவலக மென்பொருள்கள் இவ்வகையின.

பொது மேகம், தனியார் மேகம், சமூக மேகம், கலப்பு மேகம் என உடைமை நோக்கில் நான்கு வகைகளும் உள்ளன. ஒரே நிறுவனத்தின் பயன்பாட்டுக்கு மட்டும் அமைவது தனியார் மேகம். நுண்ணிய தரவைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, ஏனையவற்றைப் பொது மேகத்துக்கு அனுப்பும் கலப்பு முறையைப் பெரிய நிறுவனங்கள் பல பின்பற்றுகின்றன.

இந்திய அரசுத் துறைகளுக்கான 'மேகராஜ்' திட்டத்தின் கீழ் தேசிய தகவலியல் மையத்தின் மேகச் சேவை 2014 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015 இல் சென்னை உள்ளிட்ட மூன்று இந்திய நகரங்களிலும், அமேசான் நிறுவனம் 2016 இல் மும்பையிலும் தம் மேகத் தரவு மையங்களைத் திறந்தன.

உச்சச் சுமை

மேகக் கணிமையின் தேவையை உணர்த்தும் சிறந்த எடுத்துக்காட்டு 'தட்கல்' எனப்படும் உடனடி முன்பதிவு ஆகும். 1997 இல் தொடங்கிய இத்திட்டத்தில், பயண நாளுக்கு முந்தைய நாள் காலை 10 மணிக்குக் குளிர்சாதன வகுப்புகளுக்கும், 11 மணிக்கு ஏனைய வகுப்புகளுக்கும் பதிவு திறக்கப்படுகின்றது. அந்தச் சில நிமிடங்களில் நாடு முழுவதிலும் இருந்து வேண்டுகோள்கள் ஒரே நேரத்தில் குவிகின்றன. அச்சுமைக்கு ஏற்பக் கணினிகளை வாங்கினால், நாளின் மீதிப் பொழுதில் அவற்றில் பெரும்பகுதி வேலையின்றி இருக்கும். சராசரிச் சுமைக்கு ஏற்ப வாங்கினால், மக்களுக்கு மிகவும் தேவைப்படும் அந்நிமிடத்தில் முறைமை திணறும். விரிந்து சுருங்கும் மேகம் இவ்விடத்தில்தான் பயன்படுகின்றது.

ஆனால் எல்லாப் பகுதிகளையும் ஒரே விதமாக விரிக்க இயலாது. பக்கத்தின் படங்கள், வடிவமைப்பு, நிலையங்களின் பட்டியல் போன்ற மாறாத் தரவுகளை எத்தனை படிகள் வேண்டுமானாலும் எடுத்துப் பல இடங்களில் வைக்கலாம். இடம் உள்ளதா எனக் கேட்கும் வினாவுக்குச் சில நொடிகள் பழைய விடை கிடைத்தாலும் பெருந்தீங்கில்லை. ஆனால் கடைசி இருக்கையை ஒருவருக்கு ஒதுக்கும் செயல் ஓரிடத்தில், ஒன்றன்பின் ஒன்றாக மட்டுமே நடைபெற வேண்டும். அந்த ஏட்டுக்கு இரண்டு படிகள் எடுத்து இரண்டிலும் எழுத விட்டால், அதே இருக்கை இருவருக்கு விற்கப்படும். ஆகவே, புதிய கணினிகளைச் சேர்ப்பதால் மட்டும் முன்பதிவின் வேகம் கூடிவிடாது. எதைப் படியெடுக்கலாம், எதைப் படியெடுக்கக் கூடாது என முன்கூட்டியே பிரித்திருக்க வேண்டும். அப்பிரிவினையைச் செய்து தருவது சேவை நோக்குக் கட்டமைப்பு ஆகும்.

2014 இல் கிரிஸ் உருவாக்கிய புதிய மின்சீட்டு முறைமையினால், நிமிடத்திற்கு 2,000 சீட்டுகளாக இருந்த இணையவழித் திறன் 7,200 ஆக உயர்ந்தது. 2025 இல் இரயில்வே அமைச்சகம் வெளியிட்ட அறிவிப்பில், முன்பதிவு முறைமை 2010 ஆம் ஆண்டின் தொழில்நுட்பத்தில், இட்டானியம் வழங்கிகளிலும் ஓப்பன் விஎம்எஸ் இயங்குதளத்திலும் இயங்குவதாகவும், மேகத் தொழில்நுட்பத்துக்கு இசைவான முறைமைக்கு மாற்றப்படும் எனவும் கூறப்பட்டது. நிமிடத்திற்குச் சுமார் 32,000 ஆக இருந்த சீட்டு வழங்கும் திறனை 1.5 இலட்சத்துக்கு மேல் உயர்த்துவது இலக்காக அறிவிக்கப்பட்டது.

திறன் பெருகினாலும் இருக்கைகள் பெருகுவதில்லை. வேகம் கூடுவது, வேகமாகக் கேட்பவருக்கே முதலில் பயன்படும். தட்கல் திறக்கும் முதல் ஐந்து நிமிடங்களில் நுழைய முயல்வோரில் ஏறத்தாழப் பாதி தானியங்கி நிரல்கள் என 2025 இல் அமைச்சகம் தெரிவித்தது. இதனால் 2025 சூலை 1 முதல் இணையவழித் தட்கல் பதிவு, ஆதார் வழி உறுதிசெய்யப்பட்ட பயனர்களுக்கு மட்டும் என வரையறுக்கப்பட்டது. இதனால் ஒரு நிறுவனத்தின் சேவை, வேறொரு நிறுவனத்தின் அடையாளச் சேவையைச் சார்ந்து நிற்கின்றது.

பணமும் சீட்டும்

பேரேட்டுக் காலத்தில் பணம் வாங்குபவரும் ஏட்டில் எழுதுபவரும் ஒருவரே. சேவைகளாகப் பிரித்தபின் இவ்விரண்டும் வெவ்வேறு கணினிகளில், வெவ்வேறு நிறுவனங்களில் நிகழ்கின்றன. வங்கி பணத்தைக் கழித்த பின்னர், "பணம் பெறப்பட்டது" என்னும் செய்தி வழியில் தவறிவிட்டால், பயனரின் கணக்கில் பணமும் இல்லை, கையில் சீட்டும் இல்லை. இது எவர் செய்த பிழையும் அன்று. பகிர்ந்து இயங்கும் முறைமைகளுக்கு இயல்பான இடர்.

இதனைச் சமாளிக்க மூன்று வழிகள் கையாளப்படுகின்றன. முதலாவதாக, ஒவ்வொரு பரிமாற்றத்திற்கும் தனி எண் இடப்படும். அதே எண்ணுடன் வேண்டுகோள் மீண்டும் வந்தால், அதை இரண்டாம் முறை செய்யாமல் முன்னைய விடையே தரப்படும். இரண்டாவதாக, பாதியில் நின்ற செயலை ஈடுசெய்யும் எதிர்ச்செயல் வரையறுக்கப்படும். சீட்டு வழங்க இயலாவிடில் பணம் திருப்பி அனுப்பப்படும். மூன்றாவதாக, இரு நிறுவனங்களின் கணக்குகளும் பின்னர் ஒப்புநோக்கப்பட்டு வேறுபாடுகள் சரிசெய்யப்படும்.

இவை பணத்தைத் திருப்பித் தருமே அன்றி, தவறிய இருக்கையைத் திருப்பித் தரா. திருவிழாக் காலத்தில் ஊர் திரும்ப வேண்டியவருக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. எனவே, எந்தப் பிழை ஈடுசெய்யத் தக்கது, எது தகாதது என்பதைச் சேவைகளைப் பிரிக்கும்போதே எண்ண வேண்டும்.

இடர்களும் திறனாய்வுகளும்

- சார்புச் சங்கிலி: ஒரு சேவை நின்றால் அதைச் சார்ந்த அனைத்தும் நிற்கும். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் சேமிப்புச் சேவையில், பராமரிப்பின்போது தவறாக உள்ளிடப்பட்ட ஒரு கட்டளையால் எண்ணியதினும் மிகுதியான வழங்கிகள் நீக்கப்பட்டன. பல இணையத்தளங்கள் சில மணி நேரம் செயலிழந்தன. சேவையின் நிலையை அறிவிக்கும் பலகையும் அதே சேமிப்புச் சேவையைச் சார்ந்திருந்ததால், பழுதுபற்றிய செய்தியை அதில் உடனே வெளியிட இயலவில்லை.
- வழங்குநரிடம் சிக்குதல்: ஒரு மேக வழங்குநரின் தனிப்பட்ட வசதிகளை நம்பி மென்பொருளை எழுதினால், வேறு வழங்குநரிடம் மாறுவது கடினமாகும்.
- செலவு: பயன்பாட்டுக்கு ஏற்பக் கட்டணம் என்பது குறைந்த கட்டணம் என்று பொருள்படாது. நாள் முழுவதும் ஒரே சுமையில் இயங்கும் பணிகளுக்குச் சொந்தக் கணினி மலிவாக அமையக்கூடும்.
- சட்டம்: பணப்பரிமாற்றத் தரவுகள் இந்தியாவிற்குள்ளேயே சேமிக்கப்பட வேண்டும் என இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் ஆணையிட்டது. மேகம் என்ற பெயர் இருப்பினும், தரவு ஏதேனும் ஒரு நாட்டின் மண்ணில் உள்ள கட்டடம் ஒன்றிலேயே இருக்கின்றது.
- பொறுப்பு: பல நிறுவனங்களின் சேவைகள் இணைந்து ஒரு பணியைச் செய்யும்போது, பழுது நேர்ந்தால் ஒருவர் மற்றவரைச் சுட்டிக்காட்டும் நிலை ஏற்படலாம். யார் விடையளிக்க வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாதல் வேண்டும்.

நுண்சேவைகள்

2000களின் இறுதியில் பல நிறுவனங்களில், எல்லாச் செய்திகளையும் கடத்தும் நடுவண் இடைமென்பொருள் ஒன்றே பெருஞ்சுமையாக மாறியது. அதைத் தொடர்ந்து, ஒவ்வொரு சேவையையும் இன்னும் சிறிதாக்கி, அதற்கெனத் தனித் தரவுத்தளமும் தனிக் குழுவும் அமைக்கும் நுண்சேவை முறை பரவியது. 2014 இல் ஜேம்ஸ் லூயிசும் மார்ட்டின் பவுலரும் எழுதிய கட்டுரை இப்பெயரைப் பலரும் அறியச் செய்தது. இது சேவை நோக்குக் கட்டமைப்பின் ஒரு வளர்ச்சி நிலை எனலாம். சேவைகள் சிறியனவாகும்போது அவற்றின் எண்ணிக்கை பெருகுவதால், கண்காணிப்பும் பழுது கண்டறிதலும் கடினமாகின்றன.

இந்தியாவில் பிற பயன்பாடுகள்

2010 இல் எண் வழங்கத் தொடங்கிய ஆதார் திட்டத்தின் அடையாள உறுதிப்பாட்டுச் சேவை, 2015 இல் தொடங்கிய மின்னாவணப் பெட்டகமான டிஜிலாக்கர், இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2016 இல் தொடங்கிய யுபிஐ பணப்பரிமாற்றம் ஆகியன வெளியாரும் அழைக்கத்தக்க சேவைகளாக அமைந்தவை. காய்கறிக் கடையில் விரைவுக் குறியீட்டை வருடிப் பணம் செலுத்தும்போது, வாங்குபவரின் வங்கியும் விற்பவரின் வங்கியும் வெவ்வேறாக இருப்பினும் பரிமாற்றம் சில நொடிகளில் முடிகின்றது. அவ்வங்கிகளின் உள்முறைமைகள் ஒன்றுபோல் அமைந்தவை அல்ல. அவை ஏற்றுக்கொண்ட ஒப்பந்தமே பொதுவானது.